நின்றாளா, நிறுத்தினார்களா?

பிப்ரவரி 11, பிப்ரவரி 28, மார்ச் 8. நான்கு வாரத்துக்குள் மூன்று நாட்கள். முதலாவது, அறிவியலில் பெண்களுக்கும் சிறுமியருக்குமான உலக நாள், ஐ.நா. பொதுச் சபை 2015-ல் அறிவித்தது. இரண்டாவது, நம்முடைய தேசிய அறிவியல் நாள். மூன்றாவது, எல்லாருக்கும் தெரிந்த மகளிர் தினம். இந்த நான்கு வாரங்களில் மந்திரிகளும் துணைவேந்தர்களும் ஆய்வு நிறுவனத் தலைவர்களும் பேசுகிற பேச்சுகளைத் தமிழாக்குவது எங்களைப் போன்ற மொழிபெயர்ப்பாளர்களின் வருடாந்தரக் கடமை. பேச்சாளர் மாறுவார், பேச்சு மாறாது. மாணவிகள் கனவு காண வேண்டும், தயக்கத்தை விட வேண்டும், அறிவியலைத் துணிந்து தேர்ந்தெடுக்க வேண்டும். போன வருடத்துத் தமிழாக்கத்தை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றினால் போதும் என்று தோன்றும்.

இந்தப் பேச்சுகளில் வருகிற வினைச்சொற்களைக் கவனித்தால் ஒன்று புரியும். எல்லாமே ஏவல். காண், விடு, படி, எழு. ஏவல் வினைக்கு முன்னிலையில் ஓர் ஆள் வேண்டும் என்பது இலக்கணம். இங்கே முன்னிலையில் நிற்பவள் எப்போதும் அந்தப் பெண்தான். ஏதோ அவளிடம்தான் குறை இருப்பது போலவும், அவள் மனது வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது போலவும்.

கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. மத்திய கல்வி அமைச்சகத்தின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு 2021-22-ம் ஆண்டுக்கு வெளியிட்ட விவரப்படி, இளநிலை முதல் முனைவர் பட்டம் வரை அறிவியல் பிரிவில் சேர்ந்திருந்தவர்கள் 57.2 லட்சம் பேர். இவர்களில் பெண்கள் 29.8 லட்சம், ஆண்கள் 27.4 லட்சம். பாதிக்கும் மேலே. அறிவியலைத் தேர்ந்தெடு என்று நாம் யாரை நோக்கி மேடையில் முழங்குகிறோமோ, அவர்கள் ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்ஜினீயரிங்கில் மட்டும் நிலைமை வேறு. அங்கே ஏறக்குறைய பத்தில் மூவர்தான் பெண்கள்.

படித்து முடித்த பிறகு என்ன ஆகிறது? 2018 ஏப்ரல் 1 நிலவரப்படி, நாட்டின் ஆய்வு நிறுவனங்களில் நேரடி ஆராய்ச்சிப் பணியில் இருந்தவர்களில் பெண்கள் 16.6 சதவீதம். அதாவது ஆறு பேரில் ஒருவர். வகுப்பில் இரண்டில் ஒருவராக இருந்தவர்கள் ஆய்வகத்தில் ஆறில் ஒருவராக எப்படிச் சுருங்கினார்கள்?

இதற்கு ஆங்கிலத்தில் ஒரு பிரபலமான உருவகம் உண்டு. ஒழுகுகிற குழாய் என்பார்கள். ஒரு முனையில் ஊற்றிய தண்ணீர் மறு முனைக்கு வருவதற்குள் சொட்டுச் சொட்டாகப் போய்விடுகிறதாம். பள்ளியை விட்டு நிற்பவர்களுக்குத் தமிழில் நாங்கள் போடுகிற சொல் ‘இடைநிற்றல்’. இரண்டுமே எனக்குப் பிடிக்காத சொற்கள். தண்ணீர் தானாக ஒழுகுவதில்லை. குழாயில் ஓட்டை இருப்பதால் ஒழுகுகிறது. தமிழில் தன்வினை, பிறவினை என்று இரண்டு உண்டு. நின்றாள் என்பது தன்வினை. நிறுத்தினார்கள் என்பது பிறவினை. ஒரு ‘த்’தும் ஒரு ‘ப்’பும் செய்கிற வித்தியாசத்தில் பழி யார் தலையில் விழும் என்பதே மாறிவிடுகிறது. அரசு அறிக்கைகளில் பெண்கள் எப்போதும் தாமாகவே நிற்கிறார்கள். யாரும் நிறுத்துவதில்லை.

நிறுத்த முயன்ற ஒரு கதையைப் பார்க்கலாம். ஆண்டு 1933. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து முதலிடம் பெற்ற கமலா பாகவத் என்ற இளம்பெண் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர விண்ணப்பித்தார். டாடா இன்ஸ்டிட்யூட் என்று அப்போது பெயர் பெற்றிருந்த அந்த நிறுவனத்தில்தான் அவருடைய தந்தையும் சித்தப்பாவும் படித்திருந்தார்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மதிப்பெண் போதாது என்பதற்காக அல்ல, பெண் என்பதற்காக. நிராகரித்தவர் சாதாரண குமாஸ்தா அல்ல. இயக்குநர் சர் சி.வி. ராமன். மூன்று வருடத்துக்கு முன்புதான் நோபல் பரிசு பெற்றவர். ஆண்டுதோறும் பிப்ரவரி 28 அன்று நாம் கொண்டாடுவது அவருடைய கண்டுபிடிப்பைத்தான்.

கமலா பெங்களூருக்கே போனார். இயக்குநர் அறை வாசலில் சத்தியாகிரகம் செய்தார். காந்தி காலத்துப் பெண் அல்லவா. கடைசியில் ராமன் இறங்கி வந்தார், நிபந்தனைகளோடு. முதல் வருடம் முறையான மாணவியாகக் கருதப்படமாட்டார். வேலையின் தரம் திருப்தியாக இருந்தால்தான் அங்கீகாரம். வழிகாட்டி சொன்னால் இரவு எந்நேரமும் வேலை செய்ய வேண்டும். ஆய்வகத்தின் சூழலைக் கெடுக்கக் கூடாது. கடைசி நிபந்தனையை மறுபடி ஒரு முறை படியுங்கள். ஆண்களின் கவனம் சிதறினால் அதற்கும் அவள்தான் பொறுப்பு.

கமலா எல்லாவற்றுக்கும் சம்மதித்தார். ஒரு வருடம் கழித்து ராமனுக்குத் திருப்தி ஏற்பட்டது. அதன் பிறகு பெண்களுக்குக் கதவு திறந்தது. கமலா கேம்பிரிட்ஜ் போய், தாவரங்களிலும் ‘சைட்டோக்ரோம் சி’ என்ற புரதம் இருப்பதைக் காட்டி, 1939-ல் டாக்டர் பட்டம் பெற்றார். திருமணத்துக்குப் பிறகு கமலா சொஹோனி ஆனார். பனை, தென்னை மரங்களிலிருந்து இறக்கும் நீராவின் சத்துகளைப் பற்றி ஆராய்ந்தார். ஏழைக் குழந்தைகளின் சத்துக்குறைவுக்கு நீரா உதவும் என்று காட்டிய அந்த வேலைக்கு ஜனாதிபதி விருது கிடைத்தது. 1998-ல் மறைந்தார். ராமன் பெரிய விஞ்ஞானிதான், ஆனால் தன்னை நடத்திய விதத்தை மறக்கவே முடியவில்லை என்று முதுமையிலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ராமனைக் குறை சொல்வது நோக்கம் அல்ல. அவர் பிறந்த மண்ணும் நம் மண். பெருமை நமக்கும் உண்டு. ஆனால் கமலாவின் கதையை நாம் சொல்கிற விதம் கவனிக்கத்தக்கது. போராடி வென்ற வீராங்கனை என்று சொல்லி முடிக்கிறோம். அதே வருடம் விண்ணப்பித்து, மறுப்புக் கடிதம் வந்ததும் பேசாமல் வீட்டிலேயே இருந்துவிட்ட வேறொரு பெண் இருந்திருந்தால் அவர் பெயர் நமக்குத் தெரியப்போவதில்லை. சத்தியாகிரகம் செய்யத் தெரிந்தவர்கள் மட்டும்தான் வேதியியல் படிக்கலாம் என்றால், அது வேதியியலுக்கு வைக்கிற தேர்வு அல்ல. ஆண் மாணவர்களுக்கு அந்தத் தாள் கிடையவே கிடையாது.

ராமனின் ஆய்வகத்துக்குள் பிறகு வந்தவர்களில் ஒருவர் அன்னா மாணி. திருவிதாங்கூரில் பீர்மேட்டில் 1918-ல் பிறந்தவர். எட்டாவது பிறந்த நாளுக்கு வைரத்தோடு வேண்டாம், கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்டு வாங்கிய பெண். பின்னாளில் அவர் ஆராய்ந்தது என்னவோ வைரங்களைத்தான். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1940-ல் பெங்களூர் போனவர், வைரம் ஒளியை எப்படி உமிழ்கிறது, எப்படி உறிஞ்சுகிறது என்று மணிக்கணக்காக ஒளிப்படத் தட்டுகளை வைத்துப் பதிவு செய்தார். ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார். 1945-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேட்டையும் அனுப்பினார். டாக்டர் பட்டம் கிடைக்கவில்லை. எம்.எஸ்சி. படிக்காதவருக்கு பிஎச்.டி. தர விதியில் இடமில்லை என்பது பதில்.

அன்னா மாணி இதைப் பெரிய அநீதியாகச் சொல்லிக்கொண்டதே இல்லை. பெண் என்பதால் எனக்கு இது நடந்தது, அது நடந்தது என்று பேசுவதும் அவருக்குப் பிடிக்காது. லண்டன் போய் வானிலைக் கருவிகளைப் படித்தார். 1948-ல் திரும்பி, புணேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். சுமார் நூறு வானிலைக் கருவிகளுக்கான வரைபடங்களை ஒழுங்குபடுத்தி, அவற்றை இந்தியாவிலேயே செய்ய வழிசெய்தார். சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாடு முழுக்க அமைத்தார். 1976-ல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். இன்று சூரிய மின்சாரம் பற்றி நாம் பேசுகிற பேச்சுக்கு அடியில் கிடக்கிற அளவுகளில் அவர் கை உண்டு. அவர் குறைப்பட்டுக்கொள்ளவில்லை என்பது அவருடைய பெருந்தன்மை. அதைக் காட்டி, குறையே இருக்கவில்லை என்று நாம் முடிவு கட்டக் கூடாது.

மூன்றாவது கதை கிண்டியில் நடந்தது. ஐயலசோமயாஜுல லலிதா. 15 வயதில் கல்யாணம், 18 வயதில் விதவை, கையில் நான்கு மாதக் குழந்தை. அந்தக் காலத்தில் அத்தோடு ஒரு பெண்ணின் கதை முடிந்தது. லலிதாவின் தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் பேராசிரியர். தன் மகளைச் சேர்த்துக்கொள்ள அவரே அனுமதி கேட்டுப் பெற்றார். 1940-ல் லலிதா சேர்ந்தார். நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவே ஒரே பெண். விடுதியில் தனிமை. அடுத்தாற்போல் இரண்டு பெண்கள் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள்: லீலாம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா. திரேசியா பின்னாளில், 1971-ல், கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். ஒருத்தியைச் சேர்த்தால் அவளுக்குத் துணை வேண்டும். துணைக்கு வருகிறவர்களும் இன்ஜினீயர் ஆகிறார்கள். இதுதான் கணக்கு.

லலிதாவின் சான்றிதழ் பற்றி ஒரு செய்தி உண்டு. பட்டச் சான்றிதழில் ‘அவன்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்தான் அச்சாகியிருந்தது. பெண் ஒருத்தி வந்து வாங்குவாள் என்று அச்சடித்தவர்கள் நினைக்கவில்லை. அதைப் பேனாவால் அடித்துவிட்டு ‘அவள்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். தமிழில் அச்சடித்திருந்தால் அந்தச் சங்கடமே வந்திருக்காது. நமக்கு ‘அவர்’ இருக்கிறது. ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும். விஞ்ஞானி, பொறியாளர், ஆய்வாளர் எல்லாமே பொதுச் சொற்கள்தான். இருந்தும் செய்தி எழுதும்போது ‘பெண் விஞ்ஞானி’ என்று முன்னொட்டுப் போடாமல் எங்களால் இருக்க முடிவதில்லை. ‘ஆண் விஞ்ஞானி’ என்று எந்தப் பத்திரிகையிலாவது பார்த்திருக்கிறீர்களா? மொழி இடம் கொடுத்திருக்கிறது. மனசுதான் இன்னும் பேனாவை எடுத்து அடித்துத் திருத்திக்கொண்டிருக்கிறது.

லலிதா பிறகு கல்கத்தாவில் ஒரு மின் நிறுவனத்தில் பணியாற்றி, பக்ரா நங்கல் அணை போன்ற திட்டங்களுக்கான மின்தொடர்களை வடிவமைக்கும் வேலையில் பங்கு பெற்றார். 1964-ல் நியூயார்க்கில் நடந்த பெண் இன்ஜினீயர்கள், விஞ்ஞானிகளின் முதல் உலக மாநாட்டுக்குப் போனார். இந்தக் கதையில் யாருக்கு அறிவுரை தேவைப்பட்டது? லலிதாவுக்கா? அவருக்கு வேண்டியிருந்தது ஓர் அனுமதி, ஒரு விடுதி அறை, இரண்டு தோழிகள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு குடும்பம். நான்கும் கிடைத்தன. இன்ஜினீயர் ஆனார்.

எண்பது வருடத்துக்கு முந்தைய கதைகள் இவை, இப்போது எல்லாம் மாறிவிட்டது என்பீர்கள். மாறியிருக்கிறதுதான். ஆனால் ஹரியானாவுக்கு வாருங்கள். ரேவாரி மாவட்டத்தில் கோத்ரா தப்பா தஹினா என்று ஒரு கிராமம். அங்கே அரசுப் பள்ளி பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும். மேலே படிக்கப் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும். போகிற வழியில் இளைஞர்களின் தொல்லை. 2017 மே மாதம் அந்த ஊர் மாணவிகள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். கொளுத்துகிற வெயிலில் ஒரு வாரம். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: எங்கள் பள்ளியைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை உயர்த்துங்கள். சிலர் மயங்கி ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அரசு உத்தரவு போட்டது.

1933-ல் பெங்களூரில் ஒரு சத்தியாகிரகம். 2017-ல் ரேவாரியில் ஒரு சத்தியாகிரகம். நடுவில் 84 வருடம். இயற்பியலும் வேதியியலும் தனித்தனிப் பாடங்களாகப் பிரிவது பதினொன்றாம் வகுப்பில்தான். அந்த வகுப்பு ஊரில் இல்லை என்றால், இருக்கிற ஊருக்குப் போகும் பாதை பயமாக இருக்கிறது என்றால், கனவு காணச் சொல்லி என்ன பயன்? பல ஊர்களில் மேல்நிலைப் பள்ளி இருந்தாலும் அறிவியல் பிரிவு இருப்பதில்லை. பிரிவு இருந்தால் ஆய்வுக்கூடம் இல்லை. ஆய்வுக்கூடம் இருந்தால் ஆசிரியர் இல்லை. பையனாக இருந்தால் இருபது கிலோமீட்டர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவான். பெண்ணாக இருந்தால், உள்ளூரில் கிடைக்கிற வரலாறே போதும் என்று வீட்டில் முடிவாகிவிடும். வரலாறு படிப்பதில் தவறில்லை. அவளே விரும்பித் தேர்ந்தெடுத்ததாக எழுதிக்கொள்வதில்தான் தவறு.

தூரம்தான் பிரச்னை என்றால் தூரத்தைக் குறைக்கலாம். பீகார் அதைச் செய்து காட்டியது. 2006-ல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்கு சைக்கிள் வாங்க அரசு பணம் கொடுத்தது. ஆரம்பத்தில் 2,000 ரூபாய். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இதன் பலனை ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பெண்களின் விகிதம் 32 சதவீதம் கூடியிருந்தது. பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். கூட்டம் கூட்டமாகச் சீருடையில் சைக்கிள் மிதித்துப் போகிற பெண்களைத் தொல்லை செய்ய யாருக்கும் தைரியம் வராது என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. மறுபடியும் அந்தக் கிண்டிக் கணக்குதான். ஒருத்தியாக இருந்தால் பயம், பத்துப் பேராக இருந்தால் பலம். எந்தப் பேச்சாளரும் இரண்டாயிரம் ரூபாய்க்கு இவ்வளவு ஊக்கத்தைக் கொடுத்ததில்லை.

பள்ளி தாண்டி, கல்லூரி தாண்டி, டாக்டர் பட்டமும் வாங்கிய பிறகு வருகிறது அடுத்த இடம். இங்கே எல்லாரும் சொல்கிற பதில் ஒன்று உண்டு: கல்யாணம், குழந்தை, பெண்கள் குடும்பத்துக்காக வேலையை விட்டுவிடுகிறார்கள். இது உண்மைதானா என்று கேட்டுப் பார்த்தவர்கள் பெங்களூரில் இருந்தார்கள். அறிவியலில் டாக்டர் பட்டம் பெற்ற பெண்களைப் பற்றி 2010-ல் ஓர் ஆய்வறிக்கை வந்தது. எழுதியவர்களில் அனிதா குருப்பும் இயற்பியல் அறிஞர் ரோகிணி காட்போலேயும் உண்டு. வேலையில் இல்லாத பெண்களிடம் காரணம் கேட்டபோது பெரும்பாலோர் சொன்னது குடும்பம் அல்ல. விண்ணப்பித்த வேலை கிடைக்கவில்லை என்பதே. வேலையைத் துறந்த தியாகிகள் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தவர்கள், வேலை கேட்டு வரிசையில் நின்றவர்கள். இங்கேயும் தன்வினை அல்ல, பிறவினை.

2024 அக்டோபரில் மறைந்த ரோகிணி காட்போலே, நேர்முகத் தேர்வு அறைக்குள் நடப்பதைப் பற்றி விடாமல் பேசிவந்தவர். கல்யாணம் ஆகிவிட்டதா, கணவருக்கு எங்கே வேலை, குழந்தை பெற்றுக்கொள்ளும் உத்தேசம் உண்டா என்ற கேள்விகள் ஆண்களிடம் கேட்கப்படுவதில்லை. வேலை தருகிற பல நிறுவனங்களில் கணவனும் மனைவியும் ஒரே துறையில் இருக்கக் கூடாது என்று எழுதப்படாத விதி ஒன்று இருந்துவந்திருக்கிறது. விதி பொதுவானது, வீட்டுக்குப் போவது மட்டும் எப்போதும் மனைவி. போதாக்குறைக்கு வயது வரம்பு. முப்பதுக்கும் முப்பத்தைந்துக்கும் நடுவில்தான் ஓர் ஆய்வாளர் தன் பெயரை நிலைநாட்ட வேண்டும் என்று நிறுவனங்கள் நினைக்கின்றன. அதே வயதில்தான் பெண்கள் பிள்ளை பெறுகிறார்கள். அறிவியலின் காலண்டரை அச்சடித்தவர்களும் லலிதாவின் சான்றிதழை அச்சடித்தவர்களைப் போலத்தான். ஒரு பெண் வந்து வாங்குவாள் என்று நினைக்கவில்லை.

சட்டமும் திட்டமும் இல்லாமல் இல்லை. இடைவெளிக்குப் பிறகு ஆய்வுக்குத் திரும்ப விரும்பும் பெண்களுக்கென மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03 முதல் தனி உதவித் திட்டம் நடத்திவந்திருக்கிறது. 2016-ல் பல்கலைக்கழக மானியக் குழு, ஆராய்ச்சி மாணவிகளுக்கு 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பும், ஆய்வை முடிக்க இரண்டு வருடம் கூடுதல் அவகாசமும் தர விதி செய்தது. 2017-ல் மகப்பேறு விடுப்பு 26 வாரம் ஆனது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் ஆனது. 2019-ல் மாவட்ட அளவில் பள்ளி மாணவிகளை ஆய்வகங்களுக்கு அழைத்துப் போகும் ‘விஞ்ஞான் ஜோதி’ வந்தது. நல்ல காரியங்கள். ஆனால் உங்கள் ஊர்க் கல்லூரியிலோ ஆய்வகத்திலோ காப்பகம் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கேள்வியே புரியாதது போலப் பார்ப்பார்கள்.

ஐ.ஐ.டி.க்களின் அனுபவம் இன்னொரு பாடம். 2017 வாக்கில் அங்கே சேர்ந்தவர்களில் பத்தில் ஒருவர்கூடப் பெண் இல்லை. 2018 முதல் பெண்களுக்கென்று கூடுதல் இடங்களை உருவாக்கி, 2020-ல் அதை 20 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள். உடனே ஒரு புலம்பல் எழுந்தது: தரம் போய்விடும், பையன்களின் இடம் பறிபோகும் என்று. சேர்க்கப்பட்டவை கூடுதல் இடங்கள். எந்தப் பையனின் இடமும் குறையவில்லை. வந்த பெண்களும் அதே கடினமான நுழைவுத் தேர்வில் தேறி வந்தவர்கள்தான். இவர்கள் ஏன் முன்பே வரவில்லை என்பது தர்மசங்கடமான கேள்வி. அண்ணனைக் கோட்டாவுக்கு அனுப்பிப் பல லட்சம் செலவில் பயிற்சி வைக்கிற வீட்டில், தங்கைக்கு உள்ளூர்க் கல்லூரியே போதும் என்று முடிவாகிறது. நகைக்குச் சேர்க்கிற பணம் வேறு, படிப்புக்குச் சேர்க்கிற பணம் வேறு. அன்னா மாணிக்குக் கிடைத்த தேர்வு, வைரத்தோடா கலைக்களஞ்சியமா என்பது, இன்றும் பல வீடுகளில் பெண்ணைக் கேட்காமலே முடிவு செய்யப்படுகிறது.

சாதித்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வாசகர்கள் கோபித்துக்கொள்வார்கள். 2014 செப்டம்பரில் மங்கள்யான் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியபோது உலகம் முழுக்க ஒரு புகைப்படம் போனது. பட்டுப்புடவை, தலையில் பூ, முகம் கொள்ளாத சிரிப்போடு இஸ்ரோ பெண்கள். அவர்கள் நிர்வாக ஊழியர்கள் என்று பிறகு இஸ்ரோ விளக்கியது. நிஜமான பெண் விஞ்ஞானிகள் அந்த நேரத்தில் கட்டுப்பாட்டு அறைக்குள் வேலையில் இருந்தார்கள். படத்தில் இல்லாதவர்களுக்குப் பிறகு பெயர் கிடைத்தது. 2019-ல் சந்திரயான்-2க்குத் திட்ட இயக்குநர் எம். வனிதா, பணி இயக்குநர் ரிது கரிதால். 2023 செப்டம்பரில் சூரியனை ஆராயப் புறப்பட்ட ஆதித்யா-எல்1 திட்டத்தின் இயக்குநர் செங்கோட்டைக்காரரான நிகர் ஷாஜி. 1987-ல் இஸ்ரோவில் சேர்ந்தவர். 1942-ல் தொடங்கிய சி.எஸ்.ஐ.ஆர். என்ற மாபெரும் ஆய்வு அமைப்புக்கு முதல் பெண் தலைமை இயக்குநர் கிடைக்க எண்பது வருடம் ஆயிற்று. 2022-ல் அந்தப் பதவிக்கு வந்த என். கலைச்செல்வி அம்பாசமுத்திரத்தைச் சேர்ந்தவர், பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். தாய்மொழியில் படித்ததால்தான் அடிப்படை நன்றாகப் புரிந்தது என்று சொல்பவர். ஆங்கிலம் இல்லாவிட்டால் அறிவியல் இல்லை என்று பெண்ணைக் கலைப் பிரிவுக்குத் திருப்பி அனுப்புகிற தலைமையாசிரியர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

இவர்களைப் பார்த்துப் பெண்கள் ஊக்கம் பெற வேண்டும் என்பது வழக்கமான முடிவுரை. பெறட்டும். ஆனால் செங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் முதலில் ஒரு பள்ளி இருந்தது. அதில் அறிவியல் சொல்லித்தர ஆள் இருந்தது. மேலே படிக்க அனுப்ப வீட்டில் மனசு இருந்தது. இந்த மூன்றும் ரேவாரிப் பெண்களுக்கும் கிடைத்தால், அவர்களில் யார் எங்கே போய் நிற்பார்கள் என்று நாம் சொல்ல முடியாது.

ஆகவே அடுத்த பிப்ரவரியில் மேடை ஏறுகிறவர்களுக்கு ஒரு யோசனை. மாணவிகள் அன்று வகுப்பிலேயே இருக்கட்டும். பாடம் கெட வேண்டாம். எதிரே வேறு ஆட்களை உட்கார வையுங்கள். அப்பாக்களிடம் சொல்லுங்கள்: பெண்ணின் படிப்புக்கும் பையனின் படிப்புக்கும் செலவழித்ததை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள் என்று. கல்வி அதிகாரிகளிடம் கேளுங்கள்: உங்கள் மாவட்டத்தில் பெண்கள் நடந்தோ பஸ்ஸிலோ போய்ச் சேரக்கூடிய தூரத்தில் அறிவியல் பிரிவு இல்லாத ஊர்கள் எத்தனை என்று. நேர்முகத் தேர்வுக் குழுவினரிடம் சொல்லுங்கள்: ஆணிடம் கேட்காத கேள்வியைப் பெண்ணிடம் கேட்காதீர்கள் என்று. ஆய்வக இயக்குநர்களிடம் கேளுங்கள்: தொட்டில் கட்ட ஓர் அறை ஒதுக்கியாயிற்றா, இந்த வருடம் ஆய்வை விட்டுப் போன பெண்கள் யார் யார், அவர்கள் போனார்களா, அனுப்பப்பட்டார்களா என்று.

அப்படி ஒரு பேச்சு வந்தால் மொழிபெயர்க்கக் காத்திருக்கிறோம். ஏவல் வினைகளை அப்படியே வைத்துக்கொள்ளலாம். முன்னிலையை மட்டும் மாற்றினால் போதும்.